கேட்டதும் கேள்விப்பட்டதும்

1916 டிசம்பர், மாஸ்கோ. குஸெவிட்ஸ்கியின் கச்சேரி வரிசையில் ஒரு மாலை. நிகழ்ச்சி நிரலில் புரோகோஃபியேவின் 'சித்தியன் சூட்' இருந்தது. அதே வருடம் ஜனவரியில் பெத்ரோகிராதில் அது முதன்முறை வாசிக்கப்பட்டபோது பெரிய ரகளை நடந்திருந்தது. மூத்த இசையமைப்பாளர் கிளாசுனோவ் முடியும்வரை உட்கார முடியாமல் எழுந்து போய்விட்டார். மாஸ்கோவின் முக்கியமான விமர்சகர் லியனீட் சபனேயேவுக்கும் புரோகோஃபியேவைப் பிடிக்காது. கச்சேரிக்குப் பிறகு அவருடைய விமர்சனம் வெளிவந்தது. காட்டுத்தனமான இரைச்சல் என்கிற தொனியில் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்.

ஒரே ஒரு சிக்கல்தான். அன்று அந்தப் படைப்பு வாசிக்கப்படவே இல்லை. அதற்கு மிகப் பெரிய ஆர்கெஸ்ட்ரா வேண்டும். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம், வாசிப்பவர்களில் பலர் ராணுவத்துக்குப் போயிருந்தார்கள். ஆள் போதாமல் கடைசி நேரத்தில் அதை நிரலிலிருந்து எடுத்துவிட்டார்கள். புரோகோஃபியேவ் கடிதம் எழுதினார்: படைப்பு வாசிக்கப்படவில்லை, அதன் இசைத்தாள் ஒரே பிரதிதான் இருக்கிறது, அதுவும் என் கையில்தான் இருக்கிறது.

இந்தக் கதையைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். "மாட்டிக்கிட்டாரு" என்பார்கள். எனக்கும் சிரிப்புதான். ஆனால் சிரிப்பு அடங்கியதும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. சபனேயேவ் அன்று உண்மையிலேயே அந்தப் படைப்பைக் கேட்டிருந்தால் என்ன எழுதியிருப்பார்? அநேகமாக அதையேதான். புரோகோஃபியேவின் இசை எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும். தன் ரசனை என்ன என்றும் தெரியும். ஒன்றோடு ஒன்றைப் பொருத்திப் பார்த்தால் விடை தானாக வந்துவிடும். அப்படியானால் அவர் செய்ததில் தப்பு எது? அவருடைய அபிப்பிராயம் பொய் இல்லையே.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எனக்கு இது ஒரு டெஸ்டிங் பிரச்சினையாகத்தான் தெரிகிறது. ஒரு டெஸ்டர் டெஸ்ட் கேஸை ஓட்டாமலே 'ஃபெயில்' என்று குறித்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த மாட்யூலில் உண்மையிலேயே பிழை இருக்கிறது. பிறகு ஓட்டிப் பார்த்தாலும் 'ஃபெயில்'தான் வருகிறது. அவர் எழுதியது சரி. ஆனால் அந்த அறிக்கைக்கு ஒரு மதிப்பும் இல்லை. ஏனென்றால் நமக்கு வேண்டியிருந்தது அவருடைய யூகம் அல்ல. யூகம் எங்களிடமும் இருந்தது. 'ஓட்டிப் பார்த்தேன்' என்கிற சாட்சியம்தான் வேண்டியிருந்தது.

இசை விமர்சனமும் அடிப்படையில் ஒரு சாட்சியம் என்று நினைக்கிறேன். அதிலும் நேரடிக் கச்சேரி விமர்சனம். நாவலைப் பற்றி ஒருவர் தவறாக எழுதினால் நாவலை எடுத்துப் படித்துச் சரிபார்க்கலாம். கச்சேரி அப்படி இல்லை. எழுபது, எண்பது பேர் சேர்ந்து ஒரு மாலையில் உண்டாக்கியது அன்றோடு போய்விடும். அரங்கில் இல்லாதவனுக்கு எழுதியவரின் சொல்தான் மிச்சம். 'நன்றாக இருந்தது', 'இல்லை' என்பதற்கு முன்னால் ஒவ்வொரு விமர்சனத்துக்கும் எழுதாத முதல் வரி ஒன்று இருக்கிறது: நான் அங்கே இருந்தேன், என் காதால் கேட்டேன். சபனேயேவ் பொய் சொன்னது அந்த வரியில்தான்.

இதெல்லாம் நூறு வருஷத்துக்கு முந்தைய மாஸ்கோ என்று ஒதுக்கிவிட முடியவில்லை. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியது. அரங்கில் இருந்தவர்கள் கேட்டார்கள். அவர்கள் எழுதியதற்கு மதிப்பு உண்டு, பாராட்டினாலும் குறை சொன்னாலும். ஆனால் அரங்குக்குப் போகாத, முழுப் பதிவும் கையில் கிடைக்காத எத்தனையோ பேர் அன்றிரவே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். உலகத்தரம் என்றார்கள் சிலர். அதெல்லாம் சிம்பொனியே இல்லை என்றார்கள் சிலர். இரண்டு பக்கமும் சபனேயேவ்கள்தான். அவர்களுக்கு இளையராஜாவைப் பற்றி ஏற்கெனவே ஓர் அபிப்பிராயம் இருந்தது. அதைப் போட்டுக்கொள்ள ஒரு கச்சேரி கிடைத்தது, அவ்வளவுதான்.

கேட்காமல் எழுதுவது தப்பு. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது. சிக்கல் தொடங்குவது, நன்றாகக் கேட்டுவிட்டு எழுதியவர்களிடத்தில்.

*

ஜாய்ஸ் ஹாட்டோ என்று ஓர் ஆங்கிலேயப் பியானோ கலைஞர். 1928இல் பிறந்தவர். 1970களில் மேடையை விட்டு விலகினார். அதன்பிறகு ஏறக்குறைய எல்லோரும் அவரை மறந்துவிட்டார்கள். முதுமையில் திடீரென்று அவர் பெயரில் சிடிக்கள் வரத் தொடங்கின. பத்து, இருபது அல்ல, நூற்றுக்கும் மேல். பீத்தோவன், மோட்சார்ட், ஷோபான், லிஸ்ட், பிராம்ஸ், ராஹ்மானினோவ் என்று பியானோவுக்கு எழுதப்பட்ட பெரும் படைப்புகளில் கிட்டத்தட்ட எல்லாமே. வெளியிட்டது அவருடைய கணவர் வில்லியம் பாரிங்டன்-கூப் நடத்திய சிறு நிறுவனம். கூடவே ஒரு கதையும் வந்தது. ஹாட்டோ பல ஆண்டுகளாகப் புற்றுநோயோடு போராடுகிறார், வலிக்கு நடுவே வீட்டருகே சிறிய ஸ்டுடியோவில் உட்கார்ந்து பதிவு செய்கிறார்.

விமர்சகர்கள் கேட்டார்கள். உருகினார்கள். 2005இல் பாஸ்டன் நாளிதழ் ஒன்று, யாருமே கேள்விப்படாத மாபெரும் பியானோ கலைஞர் நம்மிடையே வாழ்ந்துகொண்டிருக்கிறார் என்ற பொருளில் எழுதியது. 'கிராமஃபோன்' இதழ் பாராட்டியது. 2006 ஜூனில் ஹாட்டோ இறந்தபோது அஞ்சலிக் குறிப்புகளில் தேசியப் பொக்கிஷம் என்ற அளவுக்குப் பேசினார்கள்.

2007 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தில் ஒருவர் ஹாட்டோவின் லிஸ்ட் சிடி ஒன்றைக் கணினியில் போட்டார். ஐடியூன்ஸ் அதை ஹாட்டோ என்று காட்டவில்லை. லாஸ்லோ சிமோன் என்று காட்டியது. ஹங்கேரியில் பிறந்த, அதிகம் பேசப்படாத பியானோ கலைஞர். அவர் ஒரு விமர்சகருக்கு எழுத, அந்த விமர்சகர் இரண்டு சிடிக்களையும் அருகருகே வைத்துக் கேட்க, 'கிராமஃபோன்' ஓர் ஒலிப்பொறியாளரைக் கொண்டு அலைவடிவங்களை ஒப்பிட, குட்டு உடைந்தது. பெரும்பாலான டிராக்குகள் சிமோனுடையவை. அடுத்தடுத்த சிடிக்களைப் பார்த்தார்கள், எல்லாம் வேறு வேறு பேருடையவை. சிலவற்றில் நேரத்தைக் கொஞ்சம் நீட்டியோ குறுக்கியோ அடையாளத்தை மறைத்திருந்தார்கள். லண்டனில் ஷோபானின் மஸுர்க்காக்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு பல்கலைக்கழகக் குழுவும் தனியாகவே இதை நெருங்கியிருந்தது. அவர்களுடைய கணக்கில் ஹாட்டோவின் மஸுர்க்காக்களும் யூஜின் இண்ட்ஜிச்சின் மஸுர்க்காக்களும் நம்பமுடியாத அளவு ஒத்துப்போயின. ஒத்துப்போகாமல் எப்படி இருக்கும்? இரண்டும் ஒன்றுதானே. கடைசியில் பாரிங்டன்-கூப் ஒப்புக்கொண்டார், மனைவிக்காகத்தான் செய்தேன் என்றார்.

ஐடியூன்ஸ் அதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மறக்க முடியாதது. ஆடியோ சிடியில் பெரும்பாலும் பாடலின் பெயர்கூட இருக்காது. எத்தனை டிராக், ஒவ்வொன்றும் எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணை மட்டும் இருக்கும். நொடியை 75 கூறுகளாகப் பிரித்து அந்த இடங்களைக் குறித்திருப்பார்கள். இந்த எண்களை கிரேஸ்நோட் என்கிற தரவுத்தளத்துக்கு அனுப்பினால், இதே நீளங்கள் கொண்ட சிடி எது என்று தேடிப் பெயரைத் திருப்பி அனுப்பும். அவ்வளவுதான் வேலை. அந்த நிரலுக்கு லிஸ்ட் யாரென்று தெரியாது. ஒரு ஸ்வரம்கூட அது கேட்கவில்லை. வாழ்நாள் முழுக்க இசை கேட்டவர்கள் கண்டுபிடிக்காததை, எதையுமே கேட்காத ஒன்று கண்டுபிடித்துவிட்டது.

இன்னொரு விஷயம் இதைவிடக் குத்தலானது. ராஹ்மானினோவின் மூன்றாவது பியானோ கான்செர்ட்டோவை யெஃபிம் பிரான்ஃப்மேன் வாசித்து, எசா-பெக்கா சலோனன் நடத்திய பதிவு ஒன்று உண்டு. 1990களின் தொடக்கத்தில் வந்தபோது ஒரு விமர்சகர் அதில் வேட்கை போதவில்லை என்கிற மாதிரி எழுதினார். பல ஆண்டுகள் கழித்து அதே ஒலி ஹாட்டோ என்ற பெயரில் அவர் மேசைக்கு வந்தது. இம்முறை அதை மிகச் சிறந்த பதிவுகளில் ஒன்றாக வைத்துப் பேசினார். காது அதே, ஒலி அதே, அட்டையில் இருந்த பெயர் மட்டும் வேறு.

*

ஹாட்டோ விவகாரத்தைப் பற்றிப் பேசும்போது சுலபமாக வந்து விழும் முடிவு ஒன்று இருக்கிறது. "அப்பவே நினைச்சேன், இந்த விமர்சனம் எல்லாமே டுபாக்கூர். இவங்களுக்கு ஒண்ணும் கேக்கிறது இல்ல. அட்டையைப் பாத்து எழுதுறாங்க." கேட்கக் கிளுகிளுப்பாக இருக்கும். அதுவும், கிளாஸிக்கல் இசை என்றாலே மேட்டுக்குடிப் பாவனை என்று ஒரு எரிச்சல் ஏற்கெனவே இருந்தால், இன்னும் இனிக்கும்.

ஆனால் அது உண்மை இல்லை. ஹாட்டோ சிடிக்களைக் கேட்டவர்கள், வாசிப்பு அபாரம் என்றார்கள். அது அபாரமான வாசிப்புதான்! பாரிங்டன்-கூப் மட்டமான பதிவுகளைத் திருடவில்லை. பிரான்ஃப்மேன், அஷ்கெனாஸி போன்றவர்கள் வாசித்ததை எடுத்திருந்தார். அஷ்கெனாஸி வாசித்த பிராம்ஸ் கான்செர்ட்டோவில் பின்னணியில் இருந்தது ஹைட்டிங்க் நடத்திய வியன்னா ஃபில்ஹார்மோனிக். அதைக் கேட்டு 'நல்ல ஆர்கெஸ்ட்ரா' என்று சொன்னவரின் காதில் என்ன கோளாறு? காது ஏமாறவில்லை. நல்லதை நல்லது என்றுதான் சொன்னது. ஏமாந்தது வேறு ஓர் இடத்தில்.

சரி, அப்படியானால் பெயரையே மறைத்துவிடலாமே? இது இரண்டாவது சுலபமான முடிவு. அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்கள் 1970களிலிருந்து பரவலாகச் செய்தது இதைத்தான். வேலைக்கு ஆள் எடுக்கும்போது வாசிப்பவருக்கும் தேர்வுக்குழுவுக்கும் நடுவே ஒரு திரை. சில இடங்களில் தரையில் கம்பளமும் விரித்தார்கள், நடந்து வருபவரின் செருப்புச் சத்தத்தை வைத்து ஆணா பெண்ணா என்று ஊகித்துவிடக் கூடாதென்று. பிரான்ஸிலும் சுவிட்சர்லாந்திலும் வானொலி நிகழ்ச்சிகளில் விமர்சகர்களுக்குப் பெயர் சொல்லாமல் பதிவுகளைப் போட்டுக்காட்டிக் கருத்துக் கேட்பது உண்டு. நல்ல பழக்கம். பெயருக்குப் பழகிய காதைத் தட்டி எழுப்ப இதைவிட நல்ல வழி கிடையாது.

எங்கள் தொழிலிலும் இதே நோய் உண்டு. ஆர்க்கிடெக்ட் எழுதிய கோடு ரிவ்யூவுக்கு வந்தால் 'நல்லா இருக்கு' என்று ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். போன மாதம் சேர்ந்த பையன் எழுதியதில் மாறியின் பெயரிலிருந்து காலி வரிவரைக்கும் நாற்பது குறிப்புகள். இரண்டு பேரும் எழுதியது ஒரே மாதிரிக் கோடாகவே இருக்கலாம்.

ஆகத் திரை வேண்டும். ஆனால் திரை மட்டும் போதுமா என்று கேட்டால், போதாது என்றுதான் நினைக்கிறேன். காரணம், வாசிப்பு என்பது ஒலி மட்டுமல்ல, அது ஒருவர் செய்த செயல். பழனிக்கு நடந்து போனவரும் பேருந்தில் போனவரும் ஒரே முருகனைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் நடந்து போனவரிடம் ஊர் வேறு விதமாகப் பேசும். அவருடைய காலைப் பார்க்கும், தண்ணீர் கொடுக்கும். அதை மூடநம்பிக்கை என்று சொல்லிவிட முடியாது. செயலுக்கு உரிய மரியாதை அது. லிஸ்டின் கடினமான பகுதி ஒன்றைப் பத்து விரல்களால் அந்த வேகத்தில் ஒருவர் வாசிக்கும்போது வருகிற வியப்பு, அதே வேகத்தை மென்பொருளில் ஒரு ஸ்லைடரை நகர்த்தி உண்டாக்கினால் வராது. வரவும் கூடாது. எழுபத்தைந்து வயதில், புற்றுநோயோடு, ஒரு பெண் ராஹ்மானினோவை வாசிக்கிறார் என்றால் அதைக் கேட்டு நெஞ்சம் கனப்பது இயல்பு. அந்த விமர்சகர்கள் உருகியதில் எனக்குப் புகார் இல்லை. அது உண்மையாக இருந்திருந்தால் நானும் உருகியிருப்பேன்.

புகார் வேறு. உருகியது எதைப் பார்த்து என்பதை அவர்கள் பிரித்துச் சொல்லவில்லை. தமிழில் இரண்டு சொற்கள் இருக்கின்றன: கேட்டது, கேள்விப்பட்டது. முதலாவது காதுக்குள் வந்தது. இரண்டாவது யாரோ சொல்லித் தெரிந்தது. பியானோவின் ஒலி அவர்கள் கேட்டது. அதை வாசித்தவர் ஹாட்டோ என்பது அவர்கள் கேள்விப்பட்டது. எழுதும்போது இரண்டையும் கலந்து, எல்லாவற்றையும் கேட்டதுபோல எழுதிவிட்டார்கள்.

கேள்விப்பட்டதை என்ன செய்ய வேண்டும்? விசாரிக்க வேண்டும். ஹாட்டோவின் கான்செர்ட்டோ பதிவுகளில் ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர் ரெனே கோஹ்லர் என்று போட்டிருந்தது. பிராம்ஸையும் ராஹ்மானினோவையும் இவ்வளவு அற்புதமாக நடத்தும் ஒருவர் வேறு எந்த மேடையிலும், எந்தப் பதிவிலும் ஏன் இல்லை? ஓர் ஆர்கெஸ்ட்ராவை வாடகைக்கு எடுக்க எவ்வளவு பணம் ஆகும், சின்ன நிறுவனத்துக்கு அது எப்படிக் கட்டுப்படியானது? எந்த அரங்கில் பதிவு நடந்தது? இணையக் குழுக்களில் சிலர் இந்தக் கேள்விகளைக் கேட்கத்தான் செய்தார்கள். கோஹ்லர் யார் என்று கேட்டபோது பதிலாக ஒரு வாழ்க்கை வரலாறு வந்தது: யூதர், நாஜிகளிடம் வதைபட்டவர், பிறகு சோவியத் சிறைமுகாமில் பல ஆண்டுகள். அப்படி ஒரு மனிதர் இருந்ததே இல்லை. எவ்வளவு நுட்பமான ஏற்பாடு பாருங்கள். அந்த அளவு துயரத்தைக் கேள்விப்பட்ட பிறகு, "ஆதாரம் காட்டுங்க" என்று கேட்க யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். புற்றுநோயாளியின் கணவரிடமும் அப்படித்தான். இரக்கத்தைத்தான் அவர் பூட்டாகப் பயன்படுத்தினார்.

*

இந்தப் பிரிப்பை நேர்மையாகச் செய்யத் தொடங்கினால் ஒலிப்பதிவு விமர்சனத்தில் பாதி வாக்கியங்கள் ஆட்டம் காணும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பதிவு என்பதே ஒட்டுப்போட்டது. மூன்று நாளில் எடுத்த பல டேக்குகளில் நல்லதை வெட்டி ஒட்டுவது சாதாரண நடைமுறை. அட்டையில் 'லைவ்' என்று போட்டிருந்தாலும், இரண்டு மூன்று இரவுகளை இணைத்து, அரங்கு காலியான பிறகு திருத்தங்களும் எடுத்துச் சேர்த்ததாக இருக்கலாம். மைக்குகள் நடத்துநரின் தலைக்கு மேலேயும் வாத்தியங்களுக்குப் பக்கத்திலும் தொங்கும். அந்த இடத்தில் எந்த ரசிகரும் உட்கார்ந்ததில்லை. 1952இல் ஃபுர்ட்வெங்லர் நடத்திய வாக்னரின் 'டிரிஸ்டன்' பதிவில், கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாடுக்கு எட்டாத இரண்டு உச்ச ஸ்வரங்களை எலிசபெத் ஷ்வார்ட்ஸ்கோஃப் பாடிக் கொடுத்தார். வெளியே சொல்லாமல்தான் செய்தார்கள், பிறகு கசிந்துவிட்டது. இன்றுவரை அது மாபெரும் பதிவுகளில் ஒன்றாகக் கொண்டாடப்படுகிறது.

இரண்டு ஸ்வரம் என்றால் பரவாயில்லை, நூறு சிடி என்றால் குற்றமா? கோடு எங்கே? எண்ணிக்கையில் கோடு போட முடியாது என்று நினைக்கிறேன். கிளென் குட் 1964இல் மேடையை விட்டுவிட்டு ஸ்டுடியோவுக்குள் போனார். வெட்டி ஒட்டுவதையே ஒரு கலையாக்கினார். அதை எழுதினார், பேசினார், வெளிப்படையாக வாதாடினார். அவருடைய பதிவைக் கேட்பவர் எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்கலாம். ஃபிளாக்ஸ்டாட் விஷயத்தில் ஒரு மறைப்பு இருந்தது. ஆனால் கொடுத்தவர் மனமறிந்து கொடுத்தார். ஹாட்டோ விஷயத்தில் கேட்பவரிடமும் மறைத்தார்கள், வாசித்தவரிடமும் திருடினார்கள். கோடு இந்த இரண்டு இடத்தில்தான் ஓடுகிறது: கேட்பவருக்கு என்ன சொன்னாய், செய்தவருக்கு என்ன கொடுத்தாய்.

இதைவிடக் கடினமான ஓர் உதாரணம். 1942 மார்ச்சில் பெர்லினில் ஃபுர்ட்வெங்லர் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியை நடத்தினார். பதிவு இருக்கிறது. 1945இல் சோவியத்காரர்கள் பெர்லின் வானொலியின் டேப்புகளை மாஸ்கோவுக்கு எடுத்துப் போனதால் பிழைத்தது. அது ஒலித்த பழைய ஃபில்ஹார்மோனி அரங்கம் 1944 ஜனவரியில் குண்டுவீச்சில் அழிந்தது. பதிவைக் கேளுங்கள். டிம்பனி இடிப்பதுபோல அடிக்கிறது. முதல் பகுதியில் ஓரிடத்தில் தரை பிளப்பதுபோல இருக்கும். கடைசியில் வருகிற வேகம் மகிழ்ச்சியா வெறியா என்று சொல்ல முடியாது. அடுத்த மாதம், ஏப்ரல் 19 அன்று, ஹிட்லரின் பிறந்தநாளுக்கு முந்தைய மாலையில் அதே சிம்பொனியை அதே மனிதர் மறுபடி நடத்தினார். மனிதர்கள் எல்லோரும் சகோதரர் ஆவோம் என்கிற பாட்டை முடித்ததும் கோயபல்ஸ் வந்து கைகுலுக்குவது திரைச்செய்தியில் பதிவாகியிருக்கிறது.

மார்ச் பதிவைப் பற்றி எழுதும் பலர், அந்த ஆவேசத்தில் நாஜிகளுக்கு எதிரான கோபம் கேட்கிறது என்கிறார்கள். வேறு சிலர், அந்த ஆட்சியின் கொடூரமே அதில் கேட்கிறது என்கிறார்கள். இரண்டு தரப்பும் 'கேட்கிறது' என்றே எழுதுகிறது. ஆனால் காதில் விழுவது வேகமும் சத்தமும் நடுக்கமும்தான். 1942 என்பதும், பெர்லின் என்பதும், யார் முன்வரிசையில் இருந்தார்கள் என்பதும் கேள்விப்பட்டவை. கேள்விப்பட்டதை ஒதுக்கச் சொல்லவில்லை. அந்தத் தேதி தெரிந்த பிறகு அதை மறந்துவிட்டு 'தூய இசை'யாகக் கேட்பது எனக்கு அருவருப்பாகவே இருக்கும். சொல்ல வருவது இவ்வளவுதான்: எதிர்ப்பு அந்த இசையில் இருக்கிறது என்று எழுதுகிறவர், ஒரு மனிதருக்கு அவர் சம்பாதிக்காத நற்சான்றிதழ் ஒன்றைக் கொடுக்கிறாரோ என்று ஒருமுறை நின்று யோசிக்க வேண்டும். டிம்பனியின் சத்தத்தை வைத்து ஒருவரின் மனச்சாட்சியை நிரூபிக்க முடியாது. குற்றத்தையும் நிரூபிக்க முடியாது. அதற்குக் கடிதங்களும் ஆவணங்களும் வேண்டும், அது வேறு வேலை.

அப்படிப் பிரித்து எழுதினால் விமர்சனம் வறண்டுபோகுமே என்று கேட்கலாம். போகாது. 'இரண்டாம் மாடத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன், அங்கே வயோலாக்கள் சரியாகக் கேட்கவில்லை' என்கிற ஒரு வாக்கியம் பத்து உவமைகளை விட எனக்கு உதவும். 'இவருடைய கதை தெரிந்துதான் கேட்டேன், அது என்னைத் தொட்டது' என்பதும் நேர்மையான வாக்கியம். படிக்கிறவர் எந்த எடையை எங்கே வைப்பது என்று தானே பார்த்துக்கொள்வார்.

*

ஹாட்டோ கதையில் எல்லோரும் பேசுவது ஏமாற்றிய கணவரைப் பற்றியும் ஏமாந்த விமர்சகர்களைப் பற்றியும்தான். எனக்கு உறுத்துவது லாஸ்லோ சிமோன். அவருடைய லிஸ்ட் பதிவு எங்கும் ஒளிந்திருக்கவில்லை. ஸ்வீடனின் பிஸ் நிறுவனம் முறையாக வெளியிட்டது, கடையில் கிடைத்தது. உலகம் அதைக் கேட்டுக் குதிக்கவில்லை. அவரிடம் கதை இல்லை. நோய் இல்லை, மறக்கப்பட்டு மீண்ட நாடகம் இல்லை. வாசிப்பு மட்டும் இருந்தது. அதே வாசிப்பு ஒரு கதையை உடுத்திக்கொண்டு வந்தபோது காதுகள் திறந்தன. 2009இல் சிமோன் இறந்தார். கடைசி இரண்டு வருடங்களில் அவர் பெயர் உலகம் முழுக்க அடிபட்டது, திருடப்பட்டவர் என்ற கதை கிடைத்த பிறகு.

இங்கேதான் இது விமர்சகர்களின் பிரச்சினை என்பதைத் தாண்டி நம் எல்லோருடைய பிரச்சினையாகிறது. கேட்கிற திறன் அவர்களிடம் இருந்தது, நம்மிடமும் இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் அனுமதிக்குக் காத்திருக்கிறது. யாராவது வந்து 'இவர் முக்கியமானவர்' என்று சொன்னால்தான் முழுக் கவனமும் போகிறது. சொல்லாவிட்டால் பின்னணியில் ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்க்கிறோம். பொய்யரை நம்பியது ஓர் ஏமாளித்தனம், அவ்வளவுதான். உண்மையாக வாசித்தவரைக் கதை இல்லை என்பதற்காகக் கவனிக்காமல் விட்டது அநீதி. முதலாவதை ஒரு தரவுத்தளம் கண்டுபிடித்துவிடும். இரண்டாவதைக் கண்டுபிடிக்க எந்த நிரலும் இல்லை.

இன்று இது இன்னும் அவசரமாகிவிட்டது. இப்போது திருடக்கூட வேண்டாம். ஒலியையும் கதையையும் முகத்தையும் சேர்த்தே உண்டாக்கித் தருகிற கருவிகள் வந்துவிட்டன. நாளைய ஹாட்டோவுக்கு அலைவடிவத்தில் பொருத்திப் பார்க்க ஒரு மூலப்பதிவே இருக்காது. அப்போது கேட்டதையும் கேள்விப்பட்டதையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த மனிதர்கள்தான் நமக்கு மிஞ்சுவார்கள். 'நான் அங்கே இருந்தேன், அவர் வாசித்தார், நான் பார்த்தேன்' என்று சொல்லக்கூடியவர்கள். நேரடிக் கச்சேரிக்குப் போய் எழுதுகிறவர்களின் வேலை வழக்கொழிந்துவிட்டது என்று சொல்கிறார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. அந்த வேலைக்கு இனிமேல்தான் மதிப்பு கூடப்போகிறது.

நான் இப்போது ஒரு சின்ன வழக்கம் வைத்திருக்கிறேன். புதிய பதிவு ஒன்றைக் கேட்கும்போது முதல்முறை அட்டையைப் படிப்பதில்லை. யார், எந்த ஊர், என்ன வயது, எதுவும் பார்க்காமல் ஒருமுறை முழுதாகக் கேட்டு, தோன்றியதை நாலு வரி எழுதி வைக்கிறேன். பிறகு அட்டையைப் படித்துவிட்டு இரண்டாம் முறை. இரண்டுக்கும் நடுவே மாறியது எது என்று பார்க்கிறேன். நிறையவே மாறுகிறது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எது மாறியது என்று தெரிந்திருந்தால் போதும். நீங்களும் செய்து பார்க்கலாம். தொடங்குவதற்கு லாஸ்லோ சிமோனின் லிஸ்ட் பொருத்தமாக இருக்கும். ஆனால் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டதால், அவரைக் கதை இல்லாமல் கேட்கிற வாய்ப்பு உங்களுக்குப் போய்விட்டது. வேறு யாராவது ஒருவரிலிருந்து தொடங்குங்கள், நீங்கள் கேள்விப்பட்டே இராத ஒருவர்.